நீருக்கடியில் ஒரு போர்முனை
(மூன்றாம் ஆண்டு வரலாறு மாணவன், கிளியனூர்)

திண்டிவனத்திலிருந்து புதுவை செல்லும் சாலையில் உள்ளது எங்கள் ஊரான கிளியனூர். கிழக்கே கடல் இருக்கிறது என்பதைக் காற்றிலிருந்து அறிவோமே தவிர, ஊரில் நின்று பார்த்தால் கடல் தெரியாது. எங்களுக்குப் பழக்கமான நீர் ஏரி நீரும் கிணற்று நீருமே. அத்தகைய ஊரில் பிறந்தவன் கடற்படையின் முக்குளிப்பு வீரர்களைப் பற்றிக் கட்டுரை எழுதப் புகுவதைக் கண்டு நண்பர்கள் சிலர் நகைத்தனர். நகைத்தவர்கள் இக்கட்டுரையை இறுதிவரை படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

எங்கள் துறைப் பேராசிரியர் 1971 ஆம் ஆண்டுப் போரைப் பற்றி ஆளுக்கொரு கட்டுரை எழுதிவரப் பணித்தார். வகுப்பில் பெரும்பாலோர் டாக்காவில் நடந்த சரணடைவைப் பற்றி எழுதினர். நானும் அதையே எழுதியிருப்பேன். நூலகத்தில் கேப்டன் சாமந்த்தும் சந்தீப் உன்னித்தானும் சேர்ந்து எழுதி 2019 இல் வெளிவந்த ‘ஆபரேஷன் எக்ஸ்’ என்னும் ஆங்கில நூல் கைக்குக் கிடைத்தது. கையில் ஒரு கத்தியும் காலில் துடுப்புச் செருப்பும் மார்பில் ஒரு வெடியும் கட்டிக்கொண்டு இரவில் ஆற்றில் இறங்கிய இளைஞர்களின் வரலாறு அது. அவர்களில் பலர் நம்மைப் போன்ற கல்லூரி மாணவர்கள். அந்தச் செய்தியைப் படித்த பிறகு டாக்காவைப் பற்றி எழுத மனம் வரவில்லை.

கிணற்றுத் தாத்தா

கடலுக்குப் போகுமுன் கிணற்றுக்குப் போவோம். எங்கள் ஊரில் முக்குளிக்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். பிள்ளைகள் எல்லாரும் அவரைக் ‘கிணற்றுத் தாத்தா’ என்றே அழைப்போம். கிணற்றில் குடமோ தவலையோ விழுந்துவிட்டால் முதலில் பாதாளக் கரண்டியைக் கயிற்றில் கட்டித் துழாவுவார்கள். அதில் சிக்காவிட்டால் அவருக்கு ஆள் போகும். வருவார், இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொள்வார், கயிற்றின் மறுமுனையை யார் பிடிக்க வேண்டும் என்று அவரே தேர்ந்தெடுப்பார். “ஒருக்கா இழுத்தா கயிறு வுடு. ரெண்டு வாட்டி இழுத்தா தூக்கு. நடுவுல யாராண்டயும் பேசாத” என்பார். அவ்வளவுதான் அவர் நடத்தும் பாடம்.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது என் அத்தை மகன் வயல் கிணற்றில் மூழ்கிவிட்டான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். கோடை விடுமுறை, நாங்கள் ஐந்து பேர் கிணற்று மேட்டில் இருந்தோம். நால்வர்தான் மேலேறினோம். கிணற்றுத் தாத்தா இரண்டு முறை இறங்கினார். இரண்டாம் முறை அவனோடு வந்தார். என் தந்தையார் நடுங்கும் கையால் நீட்டிய பணத்தை அவர் வாங்கவில்லை. “உசுரோட எடுத்தா வாங்கியிருப்பேன் சாமி” என்று சொல்லி, ஈர வேட்டியோடு வயல் வரப்பில் நடந்து போனார். எங்கள் வீட்டுத் திண்ணையில் அவர் அமர்ந்து நான் பார்த்ததில்லை. அன்றைக்கும் அமரவில்லை; அமரச் சொன்னவரும் இல்லை.

அன்றிலிருந்து என் தாயார் என்னைக் கிணற்றுப் பக்கம் விட்டதில்லை. நீருக்குள் இறங்குவோரைப் பற்றிய நினைவு மட்டும் என்னை விட்டுப் போகவில்லை.

நீர் என்னும் பகைவன்

முக்குளிப்போனுக்கு முதற்பகை எதிரிநாட்டுப் படையன்று, நீரே. பத்து மீட்டர் ஆழத்திற்கு ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம் வீதம் நீரின் அழுத்தம் கூடுகிறது. கடல்மட்டத்தில் நம்மை அழுத்துவது ஒரு வளிமண்டலம் என்றால், பத்து மீட்டர் ஆழத்தில் இரண்டு, இருபது மீட்டரில் மூன்று. பதினோராம் வகுப்பில் நாம் மனப்பாடம் செய்த பாயில் விதியின்படி, மூச்சடக்கி இறங்குபவனின் நெஞ்சிலுள்ள காற்று பத்து மீட்டரில் பாதியாகச் சுருங்கிவிடும். செவிப்பறை வலிக்கும். மூக்கைப் பிடித்து ஊதிச் செவிக்குள் காற்றைச் செலுத்தினால்தான் வலி தணியும். கிணற்றுத் தாத்தா மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவது நீர் ஏறிவிடும் என்பதற்காக என்று நெடுநாள் எண்ணியிருந்தேன்.

மூச்சுக் கருவியோடு இறங்கினால் வேறோர் இடர். சாதாரணக் காற்றுக் கலத்தைப் பயன்படுத்தினால் விடும் மூச்சு குமிழிகளாக மேலே வரும், காவற்காரன் கண்டுவிடுவான். ஆகவே போர்க்கால முக்குளிப்போர் தூய ஆக்சிஜனைத் திரும்பத் திரும்பச் சுவாசிக்கும் கருவியைக் கையாண்டனர். வெளிவிடும் கரியமில வாயுவை ஒரு சுண்ணக் கலவை உறிஞ்சிக்கொள்ளும், குமிழி வராது. ஆனால் உயிர்காக்கும் அதே ஆக்சிஜன், அழுத்தம் கூடினால் நஞ்சாகிவிடுகிறது. ஆறேழு மீட்டருக்குக் கீழே போகப் போக வலிப்பு வந்து மூழ்கும் ஆபத்து உண்டு. மறைந்திருக்க வேண்டுமானால் ஆழம் போகக் கூடாது. ஆழம் போகாவிட்டால் மேலிருந்து தெரியலாம். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் அவன் நீந்த வேண்டும்.

இனி வெடி. நீர், காற்றைப் போல் சுருங்கிக் கொடுக்காது. வெடிப்பின் அதிர்ச்சி நீரில் நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. காற்றில் ஒலி செல்லும் வேகத்தைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். கப்பலின் நீர்மட்டத்திற்குக் கீழே ஒட்டப்பட்ட சில கிலோ வெடிமருந்து பெருங்கப்பலின் இரும்புத் தகட்டைக் கிழித்துவிடுவதற்கு இதுவே காரணம். அந்நேரம் அருகில் நீந்துபவனின் நுரையீரலையும் குடலையும் அதே அதிர்ச்சி தாக்கும். எனவே வெடியை ஒட்டுவது பாதி வேலை. அது வெடிக்குமுன் விலகிப் போவது மறு பாதி.

மிட்டாயும் போரும்

விலகிப் போகக் காலம் வேண்டுமே! அக்காலத்தை அளந்து தந்த பொருள் எது தெரியுமா? குழந்தைகள் தின்னும் சோம்பு மிட்டாய்.

1939 இல் இங்கிலாந்தில் ஸ்டூவர்ட் மெக்ரே, சிசில் கிளார்க் என்னும் இருவர், காந்தத்தால் கப்பலில் ஒட்டிக்கொள்ளும் வெடியைச் செய்தனர். பாறையை விடாமல் பற்றும் ‘லிம்பெட்’ என்னும் சிறு கடலுயிரின் பெயரையே அதற்கு இட்டனர். நீரில் மெல்லக் கரைந்து, கரைந்து முடிந்ததும் விசையை விடுவிக்கும் பொருள் ஒன்று தேவைப்பட்டது. பலவற்றைச் சோதித்துப் பார்த்து, ஒரே சீராகக் கரைவது சோம்பு மிட்டாயே என்று கண்டனர். கப்பலை அடையும் முன்பே மிட்டாய் நனைந்துவிடாதபடி மேலே மாட்ட ஓர் உறை வேண்டும். குடும்பக் கட்டுப்பாட்டு நிலையங்களில் கிடைக்கும் ரப்பர் உறையே அதற்குப் பொருத்தமாக இருந்தது. பெட்ஃபோர்டு நகரக் கடைகளில் அவர்கள் அதை வாங்கிக் குவித்ததைக் கண்டு கடைக்காரர்கள் என்ன நினைத்தார்களோ! முப்பத்திரண்டு ஆண்டுகள் கழித்து வங்காளத்திலும் இதே உறை இதே வேலைக்குப் பயன்பட்டது. முகாமுக்கு அதை நூற்றுக்கணக்கில் கேட்டு எழுதியபோது மேலிடம் முதலில் திகைத்ததாம்.

இத்துறையில் உலகை வியக்க வைத்தவர்கள் இத்தாலியர். 1941 டிசம்பர் 19 விடியற்காலையில் ஆறு இத்தாலிய வீரர்கள், குதிரைமேல் அமர்வது போல் அமர்ந்து செலுத்தும் மூன்று நீரடி வாகனங்களில் அலெக்சாந்திரியா துறைமுகத்துள் நுழைந்து, ‘குயின் எலிசபெத்’, ‘வேலியன்ட்’ என்னும் இரு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களைச் சேதப்படுத்தினர். அவர்களில் ஒருவரான துராந்த் தெ லா பென்னே பிடிபட்டு, தாம் வெடி வைத்த ‘வேலியன்ட்’ கப்பலின் அடித்தளத்திலேயே அடைக்கப்பட்டார். வெடி எங்கே என்று சொல்லவில்லை. நேரம் நெருங்கியதும், ஆட்களை மேலே அனுப்பிக்கொள்ளுங்கள் என்று மட்டும் கப்பல் தலைவர் மார்கனிடம் தெரிவித்தார். வெடித்தது, அவரும் பிழைத்தார். 1945 இல் இத்தாலி அவருக்குப் பொற்பதக்கம் அளித்தபோது அதை அவர் மார்பில் குத்தியவர் அதே மார்கன்! பகைவனின் துணிவைப் பகைவனே போற்றிய இந்நிகழ்ச்சியை நம் பாடநூல்கள் ஏன் விட்டன என்பது எனக்குப் புரியவில்லை.

அமெரிக்கரான டிரேப்பர் காஃப்மனின் வாழ்க்கையை, என்னைப் போல் மூக்குக் கண்ணாடி அணிந்தோர் கவனிக்க வேண்டும். 1933 இல் கடற்படைக் கல்லூரியில் தேறியும் பார்வைக் குறைவால் அவருக்கு அதிகாரி பதவி மறுக்கப்பட்டது. போர் மூண்டதும் பிரான்சில் மருத்துவ ஊர்தி ஓட்டச் சென்று ஜெர்மானியரிடம் சிறைப்பட்டார். விடுபட்டுப் பிரிட்டிஷ் கடற்படையில் சேர்ந்து வெடிக்காத குண்டுகளைச் செயலிழக்கச் செய்யும் வேலையை ஏற்றார். பிறகு சொந்த நாடே அவரை அழைத்துக்கொண்டது. 1943 இல் ஃபுளோரிடாவின் ஃபோர்ட் பியர்ஸ் என்னுமிடத்தில் நீரடித் தகர்ப்பு வீரர்களுக்கான பயிற்சியைத் தொடங்கினார். ஆட்களைச் சலித்தெடுக்க உறக்கமற்ற கொடிய வாரம் ஒன்றை வைத்தார். மாணவர்களோடு தாமும் அதைச் செய்தார். அவ்வாண்டு நவம்பரில் தாராவாத் தீவில் படகுகள் பவளப் பாறையில் சிக்கி, வீரர்கள் நெடுந்தொலைவு நீரில் நடந்து சுடப்பட்டு மடிந்தனர். கரையேறுமுன் நீரின் ஆழத்தை அளந்து தடைகளைத் தகர்க்க ஆட்கள் வேண்டும் என்பதை அந்தத் துயரம் உணர்த்தியது. 1944 ஜூன் 6 இல் நார்மண்டியின் ஒமாகா கடற்கரையில் இறங்கிய தகர்ப்பு வீரர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மாண்டனர் அல்லது காயமுற்றனர். காஃப்மன் பிற்காலத்தில், தாம் படித்துத் தேறிய அதே கடற்படைக் கல்லூரிக்கே தலைவராக அமர்ந்தார்.

பாகீரதிக் கரையில்

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1971 மார்ச் 25 இரவு கிழக்குப் பாகிஸ்தானில் படையின் வெறியாட்டம் தொடங்கியது. அப்போது பிரான்சின் தூலோன் துறைமுகத்தில் பாகிஸ்தானுக்காகக் கட்டப்பட்ட ‘மங்ரோ’ என்னும் நீர்மூழ்கிக் கப்பலில் வங்காளி மாலுமிகள் சிலர் பயிற்சியில் இருந்தனர். வானொலியில் செய்தி கேட்ட அவர்கள் கப்பலை விட்டு நழுவினர். எட்டுப் பேர் ஸ்பெயினின் மாட்ரிட் நகரிலிருந்த இந்தியத் தூதரகத்தை அடைந்து, ரோம் வழியாகப் பம்பாய் வந்து சேர்ந்தனர். தம் நாட்டின் ஆறுகளையும் துறைமுகங்களையும் அறிந்த எட்டு மாலுமிகள். அவர்களை வைத்து என்ன செய்வது?

கடற்படைத் தலைவர் அட்மிரல் நந்தாவும் உளவுத் துறை இயக்குநர் கேப்டன் ராயும் திட்டம் வகுத்தனர். நடத்தும் பொறுப்பு கமாண்டர் சாமந்த்திடம் வந்தது. அவர் ‘கரஞ்ச்’ நீர்மூழ்கியின் முதல் தலைவராக இருந்தவர். பயிற்சிக்கு அவர்கள் தேர்ந்த இடத்தை வரலாற்று மாணவர்கள் கவனிக்கவும்: பிளாசி! 1757 இல் கிளைவ் வென்ற அதே பிளாசி. அங்கே பாகீரதி ஆற்றங்கரையில் 1971 மே மாதத்தில் முகாம் எழுந்தது. அதை நேரில் நடத்தியவர் கடற்படை முக்குளிப்பு அதிகாரி லெப்டினன்ட் கமாண்டர் ஜார்ஜ் மார்ட்டிஸ். அவருக்குக் கீழே நம் கடற்படையின் முக்குளிப்பு மாலுமிகள் சிலர் ஆசிரியராக இருந்தனர். அவர்களுள் ஒருவர் லீடிங் சீமன் சிமன் சிங். கடலே இல்லாத ஹரியானாவிலிருந்து வந்தவர். அவரைப் பற்றிப் பின்னர் விரிவாகச் சொல்வேன்.

அகதி முகாம்களிலும் இளைஞர் முகாம்களிலும் நீந்தத் தெரிந்தவர்களைத் தேடி எடுத்தனர். முதலில் சில நூறு பேர். பெரும்பாலோர் மாணவர்கள். நாள்தோறும் பல மணி நேரம் ஆற்றில் நீந்த வேண்டும். வயிற்றில் செங்கற்களைத் துண்டால் கட்டிக்கொண்டு நீந்த வேண்டும்; வெடியின் எடை ஏறத்தாழ ஐந்து கிலோ, அந்த எடை உடம்புக்குப் பழக வேண்டுமல்லவா? நீரோட்டத்தை எதிர்த்தும், ஓசை எழாமலும், முகம் மட்டும் நீருக்கு மேல் தெரிய மல்லாந்தும், இருளில் திசை தவறாமலும் நீந்தக் கற்றனர். கப்பலின் அடியில் பாசியும் சிப்பியும் படிந்திருக்கும், காந்தம் பற்றாது. கத்தியால் சுரண்டித் தகட்டை வெளிப்படுத்திய பிறகே வெடியை ஒட்ட வேண்டும். இவையனைத்தும் மூச்சடக்கியே. இத்தாலியருக்கு இருந்த மூச்சுக் கருவி இவர்களிடம் இல்லை. அவ்வகையில் இவர்கள் கிணற்றுத் தாத்தாவின் இனம்.

சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் ஆகிய நான்கு துறைமுகங்களை ஒரே இரவில் தாக்குவதென முடிவாயிற்று. தொலைவில் பிரிந்து கிடக்கும் நான்கு குழுக்களுக்கு எப்படி ஒரே நேரத்தில் ஆணை அனுப்புவது? கம்பியில்லாக் கருவி வைத்திருந்தால் பிடிபட்டுவிடுவார்கள். ஆனால் கையடக்க டிரான்சிஸ்டர் யார் கையிலும் இருக்கலாம். ஆகவே கல்கத்தா வானொலியில் குறித்த நேரத்தில் இரு பாடல்கள் ஒலிக்குமாறு ஏற்பாடு. பங்கஜ் மல்லிக் பாடிய பாட்டு வந்தால் ஆயத்தமாகுக என்று பொருள். அடுத்து, பொம்மை புகுந்த வீட்டுக்குப் போவதைப் பற்றிய பாட்டு வந்தால் தாக்குக என்று பொருள். குழுத் தலைவர்களுக்கு மட்டுமே இது தெரியும். குழுவில் இருந்த மற்றவர்கள், நம் தலைவருக்கு ஏன் இவ்வளவு இசைப் பித்து என்று எண்ணியிருக்கலாம். ஆணையை அனுப்பிய வானொலி அறிவிப்பாளருக்கும் அன்று தாம் செய்தது போர்ச் செயல் என்று தெரிந்திருக்க நியாயமில்லை.

1971 ஆகஸ்ட் 15 நள்ளிரவு கடந்து, 16 விடியுமுன் நான்கு துறைமுகங்களிலும் வெடிகள் முழங்கின. சிட்டகாங்கில் குழுவை நடத்தியவர் தூலோனிலிருந்து தப்பிவந்த எட்டுப் பேரில் ஒருவரான அப்துல் வாஹித் சௌத்ரி. அங்கே ‘ஹோர்முஸ்’, ‘அல் அப்பாஸ்’ என்னும் கப்பல்கள் துறையிலேயே அமிழ்ந்தன. அன்றோடு நிற்கவில்லை. தொடர்ந்த மாதங்களில் மூழ்கியும் சேதமுற்றும் போன கப்பல்களின் மொத்தம் ஒரு லட்சம் டன்னுக்கு மேல் என்று சாமந்த் தரப்பினர் கணக்கிட்டுள்ளனர். அயல்நாட்டுக் கப்பல்கள் அத்துறைமுகங்களுக்கு வரத் தயங்கின. பாகிஸ்தான் படைக்குச் சோறும் குண்டும் கொண்டுவந்த வழி சுருங்கியது. இவ்வளவும் முறையான போர் தொடங்குமுன் நடந்தவை; ஆகவே அரசு பல்லாண்டு இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. டிசம்பர் 3 இல் தொடங்கி 16 இல் முடிந்த பதின்மூன்று நாள் போர் என்று நாம் தேர்வில் எழுதுகிறோம். ஆகஸ்டிலேயே ஆற்றில் இறங்கியவர்களுக்கு அந்த விடையில் இடமில்லை. தேர்வுத் தாளைத் திருத்தும் ஆசிரியப் பெருமக்கள் பொறுத்தருள்க. இவ்வாண்டு நான் வேறு விடை எழுதப் போகிறேன்.

சிமன் சிங்

டிசம்பரில் போர் வெளிப்படையானதும் சாமந்த் சிறு படகுப் படையொன்றுடன் மோங்லா, குல்னா துறைமுகங்களை நோக்கிச் சென்றார். ‘பத்மா’, ‘பலாஷ்’ என்னும் இரு துப்பாக்கிப் படகுகள். கல்கத்தாத் துறைமுகத்தில் ஓடிக்கொண்டிருந்தவற்றிற்குப் பீரங்கி பொருத்தி முக்தி வாகினிக்கு அளிக்கப்பட்டவை. உடன் நம் ‘பன்வேல்’. பன்வேலின் தலைவர் லெப்டினன்ட் கமாண்டர் நொரோனா. பிளாசியில் முக்குளிப்புக் கற்பித்த சிமன் சிங்கும் இப்போது ஒரு படகில் இருந்தார்.

டிசம்பர் 10 காலை மோங்லா கைக்கு வந்தது. படை குல்னாவை நெருங்கியது. நண்பகலை ஒட்டி வானில் விமானங்கள் தோன்றின. அவை நம் விமானங்கள். மேலிருந்து அடையாளம் தெரியும்பொருட்டுப் படகுகளின் மேல்தளத்தில் மஞ்சள் வண்ணம் பூசப்பட்டிருந்தது. இருந்தும் பகைவர் படகென்று எண்ணித் தாக்கிவிட்டனர். பத்மாவும் பலாஷும் எரிந்து மூழ்கின. பலாஷின் இயந்திர அறையில் பொறுப்பில் இருந்த ருஹுல் அமீன் அன்று உயிர் நீத்தார்; வங்கதேசம் தன் மிக உயர்ந்த வீர விருதை அளித்துள்ள எழுவருள் அவர் ஒருவர். பன்வேல் தப்பித்து, நீரில் தத்தளித்தவர்களில் தன்னால் இயன்றவர்களை மீட்டது. பின்னாளில் வந்த வரலாற்று நூல்கள் இத்தவற்றை மறைக்கவில்லை.

சிமன் சிங்கின் உடலில் குண்டுச் சிதறல்கள் பாய்ந்திருந்தன. ஆற்றில் நீந்திக்கொண்டிருந்தபோது இருவர், அவர்களில் ஒருவர் அதிகாரி, மிதக்க மாட்டாமல் தடுமாறுவதைக் கண்டார். கரையிலிருந்து பகைவர் சுட்டுக்கொண்டிருந்தனர். இருவரையும் இழுத்துக்கொண்டு கரை சேர்த்தார். கரை பகைவரின் கரை. அவ்விருவரும் ஓடித் தப்புவதற்காகத் தாம் மட்டும் சுடுவோரை நோக்கிப் பாய்ந்தார். அவர்கள் தப்பினர், இவர் சிறைப்பட்டார். வங்கதேசம் விடுதலையான பின்னரே இவரும் விடுதலையாகி, மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

அரசு அவருக்கு மகாவீர் சக்கரம் வழங்கியது. அப்போரில் அவ்விருது பெற்ற கடற்படையினர் எண்மர். கேப்டன், கமாண்டர், லெப்டினன்ட் கமாண்டர் என ஏழு பேர் அதிகாரிகள். அவர்களுள் ஒருவரான கமாண்டர் கோபால் ராவ் மதுரையில் பிறந்தவர். கராச்சித் தாக்குதலில் பங்கு கொண்டவர். சென்னையில் வாழ்ந்து 2021 இல் மறைந்தார். சாமந்த்தும் நொரோனாவும் அந்த எழுவரில் உள்ளனர். எட்டாமவர், அதிகாரி அல்லாத ஒரே மாலுமி, சிமன் சிங். எட்டில் ஒன்று என்பது அதிகமா குறைவா என்று நான் வாதிட வரவில்லை. ஆனால் பிளாசியில் இரவெல்லாம் ஆற்றில் நின்று மாணவர்களுக்கு நீந்தக் கற்பித்த மற்ற மாலுமிகளின் பெயரை ஒரு பொதுநூலகத்தில் தேடிப் பாருங்கள், எளிதில் கிடைக்காது.

அதே டிசம்பரில் விசாகப்பட்டினத்திலும் நம் முக்குளிப்போருக்கு வேலை வந்தது. 3 ஆம் தேதி இரவு துறைமுகத்திற்கு வெளியே பாகிஸ்தானின் ‘காஸி’ நீர்மூழ்கி மூழ்கியது. அது காஸிதான் என்று உறுதிப்படுத்தியவர்கள், கலங்கிய நீரில் இறங்கித் தடவிப் பார்த்த முக்குளிப்போரே.

பிளாசியில் பெற்ற பட்டறிவு உடனே ஒரு நிலையான படையாக வளரவில்லை. முகாம் கலைந்தது, ஆட்கள் பழைய வேலைக்குத் திரும்பினர். 1987 பிப்ரவரியில்தான் கடற்படை தனக்கென்று ஒரு சிறப்புப் படையை அமைத்தது. இன்று ‘மார்க்கோஸ்’ என்று அழைக்கப்படுவது அதுவே. அதே ஆண்டு அக்டோபரில் அப்படை யாழ்ப்பாணத்தின் குருநகர் இறங்குதுறையில் வெடி வைத்தது. லெப்டினன்ட் அரவிந்த் சிங் மகாவீர் சக்கரம் பெற்றார். முக்குளிப்புத் திறன் என்ற வகையில் அது பெருஞ்செயல். ஆனால் அக்கரையில் பேசப்பட்டது என் தாயின் மொழி. சிட்டகாங்கைப் பற்றி எழுதிய கையால் அதைப் பற்றி அதே உற்சாகத்தோடு எழுத இயலவில்லை. ஆகவே இவ்வளவோடு விடுகிறேன்.

கயிறு பிடிப்பவர்

மன்னார் வளைகுடாவில் முத்தும் சங்கும் குளிப்போரிடையே ஒரு மரபு வழங்குவதாகச் சொல்வர். நீரில் இறங்குபவனின் கயிற்றை அவன் மைத்துனன்தான் பிடிப்பானாம். தன் உடன்பிறந்தாள் தாலிக்காகவாவது அவன் கண்ணயர மாட்டான் என்பது கருத்து. கடற்படையிலும் முக்குளிப்பவனின் கயிற்றுக்கு மேலே ஓர் ஆள் உண்டு. இத்தனை இழுப்புக்கு இன்ன பொருள் என்ற கணக்கும் உண்டு. அதைப் படித்தபோது கிணற்றுத் தாத்தாவின் ஒருக்கா, ரெண்டு வாட்டிதான் என் காதில் ஒலித்தது. கொச்சியில் உள்ள கடற்படை முக்குளிப்புப் பள்ளிக்கும் எங்கள் ஊர்க் கிணற்று மேட்டிற்கும் பாடத்தில் பெரிய வேறுபாடு இல்லை.

ஆனால் 1971 ஆகஸ்டில் ஆற்றில் இறங்கியவர்களுக்குக் கயிறு இல்லை. இருவர் மூவராகச் சேர்ந்து போனார்கள். திரும்பி வரும்போது ஒருவரையொருவர் எண்ணிக்கொண்டார்கள். எண்ணிப் பார்ப்பது எவ்வளவு கொடிய வேலை என்பதை நான் கிணற்று மேட்டில் அறிந்திருக்கிறேன்.

கடந்த பொங்கலுக்கு ஊர் சென்றபோது கிணற்றுத் தாத்தாவைத் தேடிப் போனேன். இப்போது அவர் கிணற்றில் இறங்குவதில்லை, காது மந்தம். ஊரில் ஆழ்துளைக் கிணறுகள் வந்த பின் குடம் விழும் கிணறுகளும் குறைந்துவிட்டன. எங்கள் வீட்டுக்கு அழைத்தேன். முதலில் மறுத்தார். என் தாயார் வெளியே வந்து, “அண்ணா, உள்ள வாங்க” என்றார்கள். வந்து திண்ணையில் அமர்ந்தார். காப்பி குடித்தார். அவரிடம் சிமன் சிங்கின் கதையை உரத்த குரலில் முழுதும் சொன்னேன். மிட்டாயைப் பற்றிச் சொன்னபோது சிரித்தார். நம் விமானமே குண்டு போட்டது என்றபோது ஒன்றும் சொல்லவில்லை. பதக்கத்தைப் பற்றிச் சொன்னேன். அதை அவர் பெரிதாக எடுத்துக்கொண்டதாகத் தெரியவில்லை. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

“கண்ணு, அவுரு தூக்கியாந்தாரே ரெண்டு பேரு, அவங்க பொழச்சிக்கினாங்களா?”

“பொழச்சிட்டாங்க தாத்தா” என்றேன்.

காது கேட்கவில்லை போலும். மறுபடியும் கேட்டார். அருகே போய், இன்னும் உரக்கச் சொன்னேன்.